ஒரு முனை மட்டும் ஏன் கருகியது: மின்சார மிதிவண்டிக்குப் பேட்டரி கனெக்டர் தேர்ந்தெடுப்பது

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களும் தெரிந்துகொள்ளும்படி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே தோட்டத்தில் இருக்கும் உங்கள் அப்பா, விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவதற்கு ஒரு மின்சார மிதிவண்டியை வைத்திருக்கிறார். பேட்டரி 48 வோல்ட், 13 ஆம்பியர்-மணி; மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் 22 ஆம்பியர். மழைக்குப் பயந்து தினமும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துச் செல்கிறார். நீங்கள் வாங்கிப் பொருத்திய எக்ஸ்டி60 கனெக்டர் மூன்று மாதத்தில் உருகிவிட்டது. அதைவிடப் பெரிய எக்ஸ்டி90 போட்டால் சரியாகிவிடுமா, ஆண்டர்சன் கனெக்டர் நல்லதா, சார்ஜ் செய்வதற்கும் அதே கனெக்டரை வைத்துக்கொள்ளலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

செம்பனை ஆலையில் பல ஆண்டுகள் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரப் பொறுப்பாளராக, இருந்துவிட்டு இப்போது பட்டணத்தில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். உருகிப்போன கனெக்டர்கள் வாரத்துக்கு ஒன்றாவது என் மேசைக்கு வருகின்றன. நீங்கள் அனுப்பிய படத்தை மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் கேள்விகளில் இல்லாத ஒரு செய்தி அந்தப் படத்தில் இருக்கிறது. மஞ்சள் நைலான் பழுப்பேறிக் குழைந்திருப்பது ஒரு பக்கத்தில்தான். சிவப்புக் கம்பி நுழையும் பக்கம் கருகியிருக்கிறது. கறுப்புக் கம்பியின் பக்கம் கடையில் வாங்கிய நாளில் இருந்ததுபோலவே இருக்கிறது.

பேட்டரியிலிருந்து சிவப்புக் கம்பி வழியாகப் புறப்படும் மின்னோட்டம் எவ்வளவோ, அவ்வளவும் கறுப்புக் கம்பி வழியாகத் திரும்பி வந்தாக வேண்டும். நடுவில் கூடவும் முடியாது, குறையவும் முடியாது. ஆகவே கனெக்டர் சிறியது என்பதுதான் காரணமாக இருந்தால் இரண்டு முனைகளும் ஒரே அளவில் சூடேறி, ஏறக்குறைய ஒரே நேரத்தில் குழைந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் கருகியிருக்கிறது என்றால் குறை அந்த ஒரு முனையின் தொடுகையிலோ, அதன் பின்னால் கம்பியை ஒட்டுவதற்கு உருக்கி வைத்த ஈயத்திலோ இருக்கிறது. இதைக் கவனிக்காமல் எக்ஸ்டி90 வாங்கி, அதே சோல்டரிங் அயனால் அதே முறையில் ஈயம் வைத்தால், மூன்று மாதம் என்பது ஐந்து மாதமாக நீளுமே தவிர வேறு பயன் இராது.

கணக்கைப் பாருங்கள். எக்ஸ்டி60 தொடர்ந்து 30 ஆம்பியரும், கணநேரத்துக்கு 60 ஆம்பியரும் தாங்கும் என்பது அதை வடிவமைத்த அமாஸ் நிறுவனத்தின் அளவீடு. உங்கள் கன்ட்ரோலர் 22 ஆம்பியருக்கு மேல் இழுக்காது, அதையும் மேட்டில் ஏறும்போது மட்டுமே இழுக்கும். ஒரு முனையின் தொடுகையில் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, பின் மின்தடையால் பெருக்கினால் கிடைக்கும். 22-ஐ 22-ஆல் பெருக்கினால் 484. தொடுகை நன்றாக இருந்து தடை ஒரு மில்லிஓம் மட்டும் இருந்தால் வெப்பம் அரை வாட்டுக்கும் குறைவு. கையால் தொட்டால் தெரியக்கூடத் தெரியாது. ஈயம் சரியாகப் பிடிக்காமல் அதே தடை பத்து மில்லிஓமாக உயர்ந்தால் வெப்பம் ஏறக்குறைய ஐந்து வாட். ஐந்து வாட் என்ன செய்துவிடும் என்று நினைக்கலாம். சாமி மேடையில் எரிகிற சின்னச் சிவப்பு பல்பும் ஐந்து வாட்தான். எரிந்துகொண்டிருக்கும்போது அதை விரலால் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வெப்பம், காற்றுப் புகாத நைலானுக்குள் பட்டாணி அளவு உலோகத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. சூடு ஏற ஏறத் தொடுகையின் வில்விசை தளர்கிறது, தளரத் தளரத் தடை ஏறுகிறது, தடை ஏற ஏற இன்னும் சூடேறுகிறது. அதனால்தான் நீண்ட நாள் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு ஒரே வாரத்தில் உருகிவிடுகிறது.

இந்த இடத்தில் பலரும் செய்யும் ஒரு தவற்றையும் சொல்லிவிட வேண்டும். மோட்டாரில் 250 வாட் என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து, 48-ஆல் வகுத்து, ஐந்து ஆம்பியர்தானே என்று சின்னக் கனெக்டரை வாங்கி விடுகிறார்கள். அது மோட்டார் நாள் முழுதும் சளைக்காமல் தரக்கூடிய திறனைச் சொல்லும் எண். பேட்டரியிலிருந்து எவ்வளவு இழுக்கலாம் என்று முடிவு செய்வது கன்ட்ரோலர். அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் உச்ச ஆம்பியர்தான் கனெக்டருக்கான எண். 48 வோல்ட்டில் 22 ஆம்பியர் என்றால் ஆயிரம் வாட்டுக்கு மேல் வருகிறது. பேட்டரியின் 13 ஆம்பியர்-மணி என்பது எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத்தான் சொல்லும். கனெக்டரைத் தேர்ந்தெடுப்பதற்கு அது உதவாது.

இனி உங்கள் கேள்விகளுக்கு நேராக வருகிறேன். என் பரிந்துரை எக்ஸ்டி90-எஸ். 22 ஆம்பியருக்கு எக்ஸ்டி60 போதாது என்பதால் அதைச் சொல்லவில்லை; ஒழுங்காகப் பொருத்தினால் போதும். தினமும் கழற்றி மாட்டுகிற வண்டி என்பதுதான் காரணம். பேட்டரியை மாட்டும்போது 'டப்' என்று ஒரு நீலப் பொறி பறப்பதை அப்பா நிச்சயம் பார்த்திருப்பார். கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெபாசிட்டர்கள் இருக்கின்றன. அவை காலியாக இருக்கும்போது, முழுதாகச் சார்ஜ் ஏறி 54.6 வோல்ட்டில் நிற்கும் உங்கள் 48 வோல்ட் பேட்டரியை நேராகத் தொடுத்தால், கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்கிறது. ஒவ்வொரு பொறியும் முனையின் மேல் உள்ள தங்கப் பூச்சில் ஒரு சிறு குழியைச் சுட்டுவிடுகிறது. உருகிய உங்கள் கனெக்டரின் ஆண் முனையை, அதாவது நீட்டிக்கொண்டிருக்கும் முனையை, ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். நுனியில் கறுப்புப் புள்ளிகள் அம்மைத் தழும்பு போல இருக்கும். ஓர் ஆண்டில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பொறிகள் என்றால் அந்தப் பரப்பின் கதி என்னவாகும்?

எக்ஸ்டி90-எஸ் வகையில், ஆண் முனையை உள்வாங்கும் பெண் முனைக்குள் 5.6 ஓம் மின்தடை ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. பாதி நுழையும்போது மின்சாரம் அந்தத் தடை வழியாகத்தான் போக முடியும். 54.6-ஐ 5.6-ஆல் வகுத்தால் பத்து ஆம்பியருக்கும் குறைவு. அவ்வளவுதான் பாயும், பொறி எழாது. கெபாசிட்டர் ஆயிரம் மைக்ரோஃபாரட் ஆனாலும் ஒரு நொடியில் சிறு பங்குக்குள் நிரம்பிவிடும். பிறகு முழுதும் அழுத்தும்போது உலோகம் உலோகத்தோடு நேராகச் சேர்ந்துகொள்கிறது. ஆகவே அப்பாவிடம் இரண்டு கட்டமாக அழுத்தச் சொல்லுங்கள்: பாதி நுழைந்ததும் ஒரு மூச்சு நின்று, பிறகு முழுதாக. பாதியிலேயே விட்டுவிட்டு வண்டியை ஓட்டக் கூடாது. ஓட்டினால் அந்தச் சின்னத் தடை எரிந்துவிடும். எதிர்ப்பக்கத்துக்குச் சாதாரண எக்ஸ்டி90 ஆண் முனையே போதும். தொடர்ந்து 40 ஆம்பியர் தாங்கும் வகை என்பதால் உங்கள் 22 ஆம்பியருக்கு நல்ல இடைவெளியும் கிடைக்கிறது.

பெண் முனை எப்போதும் பேட்டரியின் பக்கமே இருக்க வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. கன்ட்ரோலர் கழற்றப்பட்ட சிறிது நேரத்தில் உயிரற்றதாகிவிடும். பேட்டரிக்கு அப்படி ஒரு நிலையே இல்லை, கழற்றி அலமாரியில் வைத்தாலும் அதன் முனைகளில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கிறது. எனவே உலோகம் உள்ளே பதுங்கியிருக்கும் பகுதி பேட்டரிக்கும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வண்டிக்கும் போக வேண்டும். அப்பாவின் கூடையில் உளியும் சாவிக்கொத்தும் பேட்டரியும் சேர்ந்து கிடக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீட்டிய இரு முனைகளுக்குக் குறுக்கே உளியின் அலகு விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆண்டர்சன் பவர்போல் பற்றிக் கேட்டீர்கள். நல்ல கனெக்டர்தான், தட்டையான இரண்டு நாக்குகள் வில்லின் அழுத்தத்தில் ஒன்றை ஒன்று தேய்த்துச் சேர்வதால், ஆயிரக்கணக்கான முறை கழற்றி மாட்டினாலும் தேய்மானம் குறைவு. ஒரே கூட்டுக்குள் 15, 30, 45 ஆம்பியர் என்று மூன்று அளவு உலோக முனைகள் வருகின்றன என்பதை மட்டும் கவனித்து வாங்க வேண்டும். வெளியே பார்த்து வேறுபாடு தெரியாது. அதற்கு ஆண், பெண் பேதமும் கிடையாது. அதுதான் அதன் வசதி, வீட்டில் இரண்டு பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு அதுவே ஆபத்து. இரண்டு பேட்டரிகளும் ஒன்றோடு ஒன்று நன்றாகப் பொருந்திவிடும். ஒன்று நிறைந்தும் மற்றொன்று காலியாகவும் இருந்தால், இடையில் தடுப்பதற்கு ஒன்றுமில்லாமல் மின்னோட்டம் பாயும். மேலும் அதன் முகம் திறந்தது. செம்மண் புழுதியும் மழைத் தண்ணீரும் நேராக உள்ளே போகும். பூட்டுக் கிளிப் போடாவிட்டால் லோரித் தடத்தில் குலுங்கும்போது மெல்ல நழுவவும் செய்யும். தார்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு நான் அதைத் தடுக்க மாட்டேன். உங்கள் அப்பாவின் பாதைக்கு அது ஏற்றதல்ல.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனிச் சொல்வது பால்மரக் காட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் உரியது. பால் உறையாமல் இருக்க அப்பா ஒரு போத்தல் அம்மோனியாவை வண்டியிலேயே எடுத்துச் செல்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள்; எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். இந்தக் கனெக்டர்களின் உள்ளுலோகம் பித்தளை. தங்கம் மெல்லிய பூச்சு மட்டுமே. பித்தளைக்கு அம்மோனியா பரம விரோதி. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து இந்தியாவில், மழைக்காலங்களில் குதிரை லாயங்களின் அருகே வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள், யாரும் தொடாமலேயே கீறல் விட்டுப் பிளந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் காற்றின் ஈரமும், உலோகத்தில் ஏற்கெனவே உறைந்திருந்த இறுக்கமும் சேர்ந்துதான் அதைச் செய்தன என்பது 1921-இல் விளக்கப்பட்டது. உங்கள் கனெக்டரின் ஆண் முனையும் வில்விசைக்காக நான்காகப் பிளக்கப்பட்டு இறுக்கத்தில் நிற்கும் பித்தளைதான். பொறியால் பூச்சு போன இடத்தில் அம்மோனியா ஆவி பட்டால், முதலில் பச்சை நீலமாகப் பூக்கும். பிறகு நான்கு இதழ்களில் ஒன்று ஒடியும். பட்டறைக்கு வந்த ஒரு கனெக்டரைப் பிரித்தபோது ஓர் இதழ் என் உள்ளங்கையில் தனியாக விழுந்தது. மற்ற மூன்றும் சேர்ந்து முழு மின்னோட்டத்தையும் சுமந்துகொண்டிருந்தன.

ஆகவே போத்தலைப் பேட்டரியின் பக்கத்தில் வைக்க வேண்டாம்; முன்கூடையில் பேட்டரி என்றால் போத்தல் பின்னால், இறுக மூடி, ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள். மங்குக் கிண்ணத்தில் பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலத்துக்கும் இதே விதி. உர மூட்டை ஏற்றினால் அதற்கும்தான். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் குளோரைடு உப்பு, ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும். பெண் முனைக்குள் மின்கடத்தாச் சிலிக்கான் கிரீஸை ஒரு தீக்குச்சி நுனியளவு தடவுங்கள். அது கடத்தாத பொருளாயிற்றே என்று அஞ்ச வேண்டாம். முனைகள் அழுந்தும்போது தொடும் இடத்திலிருந்து விலகி, சுற்றியுள்ள பரப்பை மட்டும் மூடிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றியதும் வண்டியில் தொங்கும் முனைக்கு ஒரு ரப்பர் மூடி போட்டு, முகத்தைக் கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். நம் ஊரில் மதியம் மூன்று மணிக்கு மேல் மழையை நம்ப முடியாது.

சார்ஜ் செய்வதற்கு அதே கனெக்டரை வைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் கூடாது என்பதே. சார்ஜரிலிருந்து வருவது இரண்டு ஆம்பியர்தான். அதற்கு எக்ஸ்டி90 தேவையும் இல்லை. ஒரு வீட்டில் உள்ள இரண்டு வேலைகளுக்கு இரண்டு வடிவங்கள் இருந்தால்தான், இருட்டில் அரைத் தூக்கத்தில் செருகினாலும் தவறு நேராது. மைக்ரோஃபோனுக்குப் பயன்படும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் வகை இதற்கு நல்லது, பூட்டிக்கொள்ளும், உறுதியானது. ஆனால் எந்த முனை நேர், எந்த முனை எதிர் என்பதில் தயாரிப்பாளர்களிடையே ஒற்றுமை இல்லாததால், புதிய சார்ஜரை முதலில் மல்டிமீட்டரில் பார்க்காமல் செருகவே கூடாது. 36 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 42 வோல்ட் தரும், உங்களுடையது 54.6 வோல்ட் தர வேண்டும்; இரண்டுக்கும் ஒரே உருண்டைப் பிளக் வருவது கடைகளில் சாதாரணம். பக்கத்து வீட்டுச் சார்ஜரைக் கடன் வாங்குவதை நிறுத்திவிடுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்றை எச்சரிக்கையாகவே சொல்கிறேன். பழைய ஈய-அமிலப் பேட்டரி வண்டிகள் சிலவற்றில், சார்ஜ் செய்யும் துளை கணினிக்கும் மின்சாரச் சோற்றுப் பானைக்கும் வரும் மூன்று முனைத் துளையின் அதே வடிவத்தில் இருக்கிறது. அதாவது, சுவரிலிருந்து 240 வோல்ட் கொண்டுவரும் கம்பி அந்தத் துளையில் அச்சாகப் பொருந்தும். ஒரு வீட்டில் பேட்டரியைப் பழுதுபார்க்கப் போனபோது, அந்த வீட்டின் எட்டு வயதுப் பிள்ளை சோற்றுப் பானையின் கம்பியை அதில் செருகி, மறுமுனையோடு சுவரை நோக்கி நடந்துகொண்டிருந்தான். அவனைத் தூக்கி நிறுத்திய பிறகும் அவனுடைய பாட்டியின் கை நடுங்குவது நெடுநேரம் நிற்கவில்லை. உங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு வண்டி இருந்தால், உங்கள் கனெக்டருக்கு முன்னால் அதை மாற்றிக் கொடுங்கள்.

வீட்டு மின்சாரத்துக்கான சுவிட்சையோ பிளக்கையோ பேட்டரிக்குப் பயன்படுத்துவதும் தவறு. மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுச் செல்வதால், பிரிக்கும்போது எழும் பொறி தானாக அணைகிறது. பேட்டரியின் நேர்மின்னோட்டத்துக்கு அந்த ஓய்வு கிடையாது, பொறி இழுபட்டு எரியும். அதே காரணத்தால் காருக்கு விற்கும் தட்டைப் பியூஸும் உங்களுக்கு ஆகாது. பெரும்பாலானவற்றில் 32 வோல்ட் என்றுதான் எழுதியிருக்கும். 58 வோல்ட் அல்லது 80 வோல்ட் என்று அச்சிட்ட 30 ஆம்பியர் பியூஸைத் தேடி வாங்கி, பேட்டரியின் நேர் கம்பியில், பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் போடுங்கள்.

பொருத்தும் முறைக்கு வருகிறேன். உங்கள் முதல் கனெக்டர் தோற்றது இங்கேதான் என்று நினைக்கிறேன். முதலில் உடலில் அமாஸ் என்ற பெயர் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாத மலிவுச் சரக்கில் நைலான் விரைவில் குழைகிறது. கம்பி சிலிக்கான் உறை போட்ட 12 கேஜ், அதாவது சுமார் 3.3 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். பேட்டரிப் பக்கத்தில் வேலை செய்யும்போது ஒரு கம்பியை வெட்டி, ஈயம் வைத்து, நாடாவால் தற்காலிகமாக மூடிய பிறகுதான் அடுத்த கம்பியைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து போடக் கூடாது. ஒரே கத்தரிக்கோலால் இரண்டையும் சேர்த்து வெட்டவும் கூடாது. சூடுபட்டால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயை ஈயம் வைக்கும் முன்பே கம்பியில் கோத்துவிடுங்கள்.

சோல்டரிங் அயன் 60 வாட்டுக்குக் குறையாமல், அகன்ற முனையோடு இருக்க வேண்டும். ரேடியோ பழுதுபார்க்கும் கூர்முனை அயனால், கம்பி நுழைவதற்கு முனையின் பின்னால் உள்ள தடித்த பித்தளைக் கிண்ணத்தைச் சூடேற்ற முடியாது; ஈயம் மேலே உருகி உருண்டையாக நிற்கும், கீழே ஒட்டியிராது. பார்வைக்கு முழுமையாகத் தெரியும் அந்தப் பொய்யான ஒட்டுதான் பத்து மில்லிஓம். அதோடு ஜோடி சேரும் முனையைச் செருகி வைத்துக்கொண்டு ஈயம் வையுங்கள். அது வெப்பத்தைப் பகிர்ந்துகொள்ளும், நைலான் இளகினாலும் முனைகள் கோணாமல் நிற்கும். செருகும் அந்தத் துணை முனை கம்பி இல்லாத வெறும் முனையாக இருக்க வேண்டும், கன்ட்ரோலரோடு இணைந்ததாக இருக்கக் கூடாது. ஈயம் கிண்ணத்துக்குள் தண்ணீர்போலப் பரவி, கம்பி இழைகளுக்குள் ஏறி, ஆறியதும் பளபளப்பாகக் குழிந்து நிற்க வேண்டும். கம்பியை ஆட்டாமல் ஆறவிடுங்கள். பிறகு, ஈயம் ஏறி விறைத்த பகுதி குலுக்கலில் ஒடியாமலிருக்க, கனெக்டரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிக் கம்பியைச் சட்டத்தோடு கட்டிவையுங்கள்.

குழாயைச் சுருக்கி மூடும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். நேர் முனையின் இருபுறமும், அதாவது பேட்டரிப் பக்கத்து ஈயத்திலும் வண்டிப் பக்கத்து ஈயத்திலும், உறை போட்ட மெல்லிய கம்பி ஒவ்வொன்றைத் தற்காலிகமாக ஒட்டி, திறந்திருக்கும் உலோகத்தையெல்லாம் நாடாவால் மூடி, மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் அளவில் வைத்துக் கைப்பிடியில் கட்டிக்கொள்ளுங்கள். மிதிக்காமல், முழு விசையில் ஒரு மேட்டில் ஏறுங்கள். பிறகு அதேபோல எதிர் முனையில். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒட்ட வேண்டாம். ஒழுங்கான ஒட்டு என்றால் 22 ஆம்பியரில் இருபது, முப்பது மில்லிவோல்ட் காட்டும். இரண்டு முனைகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு காட்டினாலோ, ஐம்பதைத் தாண்டினாலோ, குழாயைச் சுருக்காமல் அந்த முனையின் ஈயத்தை மறுபடியும் உருக்கி வைத்துவிட்டு, அதே மேட்டில் இன்னொரு முறை ஏறிப் பாருங்கள்.